கடைசி கேமரா

“இன்னொரு கேமராவா? அலமாரி பூரா அதுதானே அடைச்சுக் கிடக்கு!” டாக்சியிலேயே ஆரம்பித்துவிட்டாள் தெதேய்.

“சத்தியமா இதுதாம்மா கடைசி,” என்றார் கணவர் அடோட்டேய்.

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. எங்க அண்ணன் கல்யாணத்துல அத்தனை பேர் தலையையும் வெட்டி எடுத்த ஆளுக்கு, புதுசு ஒரு கேடா?”

“அது லென்ஸோட குத்தம்.”

தேஷி கடற்கரைச் சாலையில் இறங்கினார்கள். கடைக்காரன் போர்ட்டே ஓடிவந்தான். “வாங்கய்யா! பட்டன், ஃபிளாஷ் எல்லாம் கேட்ட மாதிரியே வெச்சாச்சு. லென்ஸ் நீளம் மட்டும் நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

உள்ளே போய்த் துணியை உருவினான். கட்டில் நீளத்துக்கு ஒரு மரக் கேமரா! பக்கத்தில், இறந்துபோன மீனவர் ஒருவருக்கு மீன் வடிவத்திலும், டாக்சிக்காரர் ஒருவருக்கு டாக்சி வடிவத்திலும் செய்த சவப்பெட்டிகளில் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது.

அடோட்டேய் செருப்பைக் கழற்றிவிட்டு, கேமராவின் மூடியைத் திறந்து, உள்ளே ஏறி மல்லாந்து படுத்தார்.

“லென்ஸுக்குள்ள கால் இடிக்குதுப்பா. லென்ஸை இன்னும் ஒரு சாண் நீட்டு.” பிறகு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். “இப்பவாவது நம்பறியா, கடைசின்னு?”

திட்டத் திறந்த வாயில் தெதேய்க்குச் சிரிப்புதான் வந்தது.

“போர்ட்டே, தலைமாட்டுலயும் ஒரு சாண் விடுப்பா. இதுலயும் தலையை வெட்டிடப் போறாரு!”