மாஸ்க் போட்டது யார்?

உப்பு லாரிகளுக்குப் பிரேக் வேலை பார்க்கும் மாயவன், வீட்டுக்குள் நுழைந்ததும் மாஸ்க்கைப் பெருமையாக நீட்டினான். அது கறுத்துக் கிடந்தது.

"யம்மா, எவ்ளோ தூசு!" என்றாள் மனைவி வினோதினி. "பழைய பிரேக்ல இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலையே கெடுத்துடும்னு டாக்டர் சொன்னாரே. நாள் பூரா போட்டிருந்தீங்களா?"

"கழட்டவே இல்லடி. உன்மேல சத்தியமா!"

தட்டில் வறுத்த மீன் விழுந்தது. மாயவன் கை வைக்கப் போனான்.

"ஏங்க, உங்க காது எப்போ துருப்பிடிச்சுது?"

"என்னது?"

மாஸ்க்கின் காதுப் பட்டையைத் தூக்கிக் காட்டினாள். செம்மண் நிறத்தில் துருக்கறை.

பட்டறைச் சுவரில் உப்புக்காற்று அரித்த ஆணி, மாயவன் கண்முன் வந்து நின்றது. தினமும் மாஸ்க்கை அதில் மாட்டிவிட்டுத்தான் பிரேக் டிரம்மில் காற்றடித்துத் தூசு கிளப்புவான்.

வினோதினி தட்டை இழுத்துக்கொண்டாள்.

"நாள் பூரா மாஸ்க் போட்டது ஏதோ ஒரு ஆணிதானே? மீனும் அதுக்குத்தான்!"