டேப்பட் சத்தம்

“நாலாவது தடவைப்பா. ஒரு சத்தத்தை நிறுத்தத் தெரியலைன்னா நீ என்ன மெக்கானிக்கு?”

சுகாதார இன்ஸ்பெக்டர் கருப்பணன் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபப்படக்கூடத் தெம்பு இல்லாத குரல்.

பொன்னுத்துரை கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்ஜினைத் தொட்டுப் பார்த்தான்.

“கொதிக்குது சார். ஆறட்டும். சூட்டோட டேப்பட்ல கை வைக்கக் கூடாது.”

“ஒவ்வொரு தடவையும் ஆறத்தான் வைக்கிற. அப்புறமும் டக் டக்குன்னு கத்துது.”

“மிலிட்டரி ஏலத்துல வந்த பழைய வண்டி சார். இறுக்கி வச்சா வால்வு கருகிப் போகும். கொஞ்சம் சத்தம் இருந்தா நல்லதுதான்.”

“கொஞ்சமா? வடமதுரையில கிளம்பினா அய்யலூர்ல கேக்குது.”

பக்கத்து சைக்கிள் கடை பக்ருதீன் சிரித்தார்.

“அவனை ஏன் சார் வையிறீங்க? தெரியாததுக்கு அவன் என்ன செய்வான், பாவம். வண்டியை நம்ம கடைக்கு விடுங்க. ரெண்டு பெடல் மாட்டி விட்டுர்றேன். சத்தமே வராது.”

டேப்பட் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. வால்வுக்கும் அதைத் தூக்கிவிடுகிற டேப்பட்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு இடைவெளி வேண்டும். கூடினால் சத்தம். குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகும். அளந்து வைத்தால் முடிந்தது. லாரி என்ஜினையே பிரித்து மாட்டுகிற பொன்னுத்துரைக்கு இது வரவில்லை என்றால் ஒன்று சோம்பல், இல்லை திமிர். திருச்சி ரோட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் பிரச்சினை காது வலி இல்லை. அவர் வேலை, ஊர் ஊராகப் போய்ப் பெரியம்மை வராமல் பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி குத்துவது.

“ரோட்டுல எத்தனையோ வண்டி போகுது,” என்றார். “புகையிலை ஏவாரிக மோட்டார் சைக்கிள்ல போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறதில்லை. இந்த டக் டக்கைக் கேட்டாத்தான் நான்னு தெரிஞ்சு போகுது. ஊருக்குள்ள நுழையறதுக்குள்ள புள்ளைகளை ஒளிச்சுர்றாங்க. குத்தினா ஆத்தாளுக்குக் கோவம் வருமாம்.”

“கை வீங்கிக் காய்ச்சல் வருதே சார். ரெண்டு நாளைக்குப் புள்ள உங்க மடியிலயா கெடக்கப் போகுது?” என்றான் பொன்னுத்துரை.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“புதுப்பட்டியில நேத்து அம்மையில ஒரு புள்ள போயிருச்சுப்பா.”

பொன்னுத்துரை திரும்பினான். “யாரு வீட்டுப் புள்ள?”

“மூக்காயின்னு ஒரு அம்மா. அவ மக. மூணு வயசு. அந்த வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும், ‘புள்ள ஊர்ல இல்லை’ன்னா. சின்னத் தட்டுல பிசைஞ்ச சோறு அப்படியே இருக்கு. தொட்டுப் பாத்தேன், சுடுது. வீட்டுக்குள்ள பூந்து தேடவா முடியும்? வந்துட்டேன்.”

பக்ருதீன் சிரிப்பை நிறுத்திவிட்டார். “பக்கத்து ஊருகளுக்கும் பரவுமா சார்?”

“பரவும். இன்னைக்கு அந்தப் பக்கம் பூராவும் போகணும். போயி என்ன? எனக்கு முன்னால சத்தம் போயிருமே.”

பொன்னுத்துரை என்ஜினைத் தொட்டான். எடுத்தான். மறுபடி தொட்டான். ஆறும்வரை அந்த இடத்தை விட்டு அவன் நகரவே இல்லை.

பிறகு உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளைக் கொண்டுவந்தான்.

“இதென்ன? இத்தனை தடவையில இதை நீ எடுத்ததே இல்லையே,” என்றார் இன்ஸ்பெக்டர்.

பொன்னுத்துரை கிக்கரை மெதுவாக மிதித்து, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலைக்கு என்ஜினைக் கொண்டுவந்தான். பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். நட்டைத் தளர்த்தித் தகட்டை நுழைத்தான். இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வந்தது. அடுத்த வால்வையும் அப்படியே வைத்து, நட்டை முடுக்கினான். முடுக்கின பிறகு இன்னொரு தடவை அளந்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஸ்டார்ட் செய்தான். சைலன்சர் சத்தம் மட்டும்தான் வந்தது. டக் டக் இல்லை.

பக்ருதீன் எழுந்தே வந்துவிட்டார். “அடப்பாவி, இம்புட்டுத்தானா? இதை மொதல் தடவையே செஞ்சு தொலைச்சிருந்தா என்ன?”

இன்ஸ்பெக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். பொன்னுத்துரை ஹேண்டில்பாரைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“சார், மொதல்ல எங்க ஊருக்குப் போங்க. புதுப்பட்டிக்கு அடுத்த ஊரு. கோயில் தெருவுல மூணாவது வீடு.”

“உன் வீடா?”

“ஆமா சார். பேச்சாயி, என் சம்சாரம். உங்களைப் பாத்ததும் ஒளிச்சுட்டு, புள்ள இல்லைன்னுதான் சொல்லுவா. நம்பாதீங்க. டக் டக்குன்னு கேட்டா ஒளிச்சு வைங்கன்னு அங்கன அத்தனை ஊருலயும் சொல்லி வச்சவன் நான்தான். நான் அனுப்புனேன்னு சொல்லி, கம்பு கொட்டி வைக்கிற மண் குலுக்கையோட மூடியைத் தூக்கிப் பாருங்க சார். எம்மக உள்ள இருப்பா.”