நாலாவது லைன்

"எங்க ஊட்டையும் எடுத்துக்கோங்க சார்," என்றாள் கன்னியம்மா.

ராபின் நிமிர்ந்து பார்த்தான்.

காலையிலிருந்து பதினோரு வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டிருந்தான். வாசலுக்கு வாசல் அழுகை. ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே போகும் ரயில் பாதையில் நாலாவது லைன் வருகிறது. அதற்கு நிலம் அளப்பது அவன் வேலை. வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

கால் கடுத்தது. பாட்டிலில் தண்ணீரும் தீர்ந்திருந்தது.

வரைபடத்தை விரித்துக் காட்டினான். எல்லைக்கோடு அவள் வீட்டுப் பின்சுவரை உரசாமல் வெளியே போனது. அங்கிருந்து புதுத் தண்டவாளத்துக்கு இருபதடிகூட இல்லை.

"உங்க வீடு தப்பிச்சிடுச்சும்மா."

அவள் முகத்தில் அதற்கான சந்தோஷம் இல்லை.

"அந்தக் கல்ல கொஞ்சம் இப்படித் தள்ளி நட்டா இன்னா சார்? நாலு வருஷமா விக்கப் பாக்குறோம். சர்வேல கீற ஊடுன்னு ஒருத்தனும் வரல. இனிமே எவன் வாங்குவான்?"

நஷ்டஈட்டுக்கு அலைகிறாள் என்று நினைத்துக்கொண்டான். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஆட்களுக்குக் கை காட்டினான். அவர்கள் எல்லைக்கல்லை இறக்கி, சுற்றிலும் மண்ணைப் போட்டு மிதித்தார்கள்.

தெற்கே ஹாரன் கேட்டது.

கன்னியம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். என்னவோ ஏதோ என்று ராபினும் வாசல்வரை போனான்.

உள்ளே அவள் புருஷன் அருணாச்சலம் கட்டிலில் விறைத்து உட்கார்ந்திருந்தார். பார்வை எதிர்ச்சுவரில் நிலைகுத்தியிருந்தது. அவர் வலது கை, அங்கே இல்லாத ஒரு பிடியை இறுக்கிப் பிடித்து இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. வாய் திறந்திருந்தது, சத்தம்தான் வரவில்லை.

சரக்கு வண்டி வீட்டை உலுக்கிக்கொண்டு கடந்தது.

கன்னியம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"முப்பது வருஷம் இதே லைன்ல வண்டி ஓட்டினாரு சார். ஏழு பேரு குறுக்க வந்துட்டாங்க."

புது லைன் வந்தால் ஒரு நாளைக்கு இன்னும் எத்தனை வண்டி கூடும் என்று ராபினுக்குத் தெரியும்.

அவள் புருஷனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, காதில் சொன்னாள்.

"நின்னுடுச்சிய்யா. வண்டி நின்னுடுச்சி. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

வெளியே பெட்டிகள் இன்னும் போய்க்கொண்டே இருந்தன.