கயிற்றின் மறுமுனை

கயிறு வெடுக்கென்று இழுத்ததில் கெதினின் முகம் அடிமரத்தில் போய் மோதியது.

மூக்கு உடைந்தது. ஹெல்மெட் வலைக்குள் ரத்தம் சூடாக வழிந்தது.

நோய் விழுந்து காய்ந்துபோன ஆஷ் மரம் அது. தொட்டாலே ஒடியும். பக்கத்திலிருந்த சின்னத் தேவாலயமான சேப்பலின் கூரையைவிட உயரத்தில், அதன் உச்சிக் கவட்டையில் போட்ட ஒரே ஒரு கயிற்றில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு பட்டையால் உடம்பை மரத்தோடு பிணைத்துக்கொண்டுதான் ரம்பத்தைத் தொட வேண்டும். அவன் அதை எப்போதோ கழற்றி இடுப்பில் சொருகிவிட்டான். அவசரம். கெதினுக்கு எப்போதும் அவசரம்தான்.

மறுபடி இழுத்தது. இந்த முறை விலாவில் அடி. தலைக்கு மேலே கவட்டை மடக்கென்றது.

யாரோ கீழேயிருந்து இழுக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! கீழே இருப்பது ஒரே ஆள், எம்லின். தங்கை நெரிஸின் புருஷன். காலையில் இவன் விட்ட குத்தில் அவனுக்கு ஒரு பல் போயிருந்தது.

சண்டை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. வெட்டிய கிளைகளை அரைத்துத் துப்பும் எந்திரம் லாரிக்குப் பின்னால் நின்றது. அதன் வாய்க்கு முன்னால் ஒரு சிவப்புச் சட்டம். இடுப்பு பட்டால் போதும், எந்திரம் நின்றுவிடும். கிளை பட்டாலும் நின்றுவிடும். நொடிக்கொரு தரம் நின்றால் வேலை எங்கே ஓடும்? கெதின் அதை அசையவிடாமல் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டான்.

“அத அவுத்துடு மச்சான். இல்லன்னா ஒரு குச்சியக்கூட உள்ள தள்ள மாட்டேன்.”

“நேத்து வரைக்கும் ஆட்டுக்கு மயிர் வெட்டுனவன், எனக்கு வேலை கத்துக் குடுக்கிறியா?”

அப்புறம் ஒரு வார்த்தை, அதற்கு மேல் ஒரு வார்த்தை. நெரிஸின் பேரும் இழுபட்டது. குத்து விழுந்தது. எம்லின் சேப்பல் சுவரில் சாய்ந்து ரத்தத்தைத் துப்பினான்.

“ஏறுடா, ஏறு. கீழ எறங்கித்தானே ஆகணும். அப்பப் பேசிக்கலாம்.”

சொல்லிவிட்டுக் கிளைகளை அள்ளப் போய்விட்டான். கம்பியை யாரும் அவிழ்க்கவில்லை.

கெதின் குனிந்து கீழே பார்த்தான்.

கொடி படர்ந்த கிளைகளின் இடுக்கில் கொஞ்சம் புல்தரை தெரிந்தது. லாரியும் எந்திரமும் கண்ணில் படவில்லை, ஊளைச் சத்தம் மட்டும் வந்தது. மரத்தடியில் எம்லின் நின்றான். கையில் ரம்பம். எதையோ அறுத்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சு நிறம் பளிச்சிட்டது.

கயிறு.

மேலே கவட்டையில் ஏறி இறங்கும் அந்தக் கயிற்றின் ஒரு முனை மரத்தடியில்தான் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சில்தான் கெதினின் உயிர் இருந்தது.

அடப்பாவி! ஒரு பல்லுக்காகவா?

எம்லின் நிமிர்ந்தான். வாயை அகலத் திறந்து என்னவோ கத்தினான். காதில் சத்தத் தடுப்பு மாட்டியிருந்த கெதினுக்கு எந்திரத்தின் ஊளையை மீறி ஒன்றும் கேட்கவில்லை. பல்லெல்லாம் ரத்தமாகத் தெரிந்தது. சிரிக்கிறான் என்றே நினைத்தான். எம்லின் மறுபடி குனிந்து வெறி பிடித்தவன்போல அறுத்தான்.

கெதினுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

பக்கத்துக் கொப்பில் அப்போதுதான் அறுத்து முடித்த துண்டு, ஒரு கடா ஆட்டின் கனம் இருக்கும், அறுத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. தள்ளுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவன் விலகிப் போய்க் கை தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற எதை மீறினாலும் இந்தத் தொழிலில் அதை மட்டும் எவனும் மீறமாட்டான்.

கெதின் குரல் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளினான்.

துண்டு ஒரு கிளையை முறித்துக்கொண்டு போய் விழுந்தது. எம்லின் கத்தக்கூட இல்லை. அவனுடைய ஹெல்மெட் மட்டும் தனியாகப் புல்லில் உருண்டு ஓடியது.

அதே நொடியில் இழுப்பு நின்றது.

“பொழச்சேன்டா சாமி” என்றான் வாய்விட்டு. அழுகையும் வந்தது. நெரிஸிடம் என்ன சொல்வது? அவன்தான் முதலில் அறுத்தான் என்று சொல்ல வேண்டியதுதான். நடந்தது அதுதானே.

கயிற்றில் வழுக்கி இறங்கினான். பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது, கயிறு தாங்குகிறது. அறுத்து முடிப்பதற்குள் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கால் தரையைத் தொட்டது. முதலில் மரத்தடி முடிச்சைப் பார்த்தான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அவன் இடுப்புப் பட்டை வழியாக வந்து தரைவரை தொங்கிய கயிற்றின் மறுமுனை இப்போது பட்டைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. சுத்தமாக அறுபட்ட முனை. அதற்குக் கீழே புல்லில் சுருண்டு கிடக்க வேண்டிய மிச்சக் கயிற்றைக் காணவில்லை.

எம்லின் கிடந்த பக்கம் அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. புல்லைச் சீய்த்துக்கொண்டு வெட்டிய கிளைகளோடு ஏதோ இழுபட்டுப் போன தடம் ஒன்று லாரியைச் சுற்றிப் போனது. அதன் பின்னாலேயே போனான்.

எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது துப்பியிருந்த மரத்தூள் குவியலில் ஆரஞ்சு நூல்கள் பொடிப்பொடியாகக் கலந்து கிடந்தன.

அதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது. சிவப்புச் சட்டத்தை இரண்டு கையாலும் தள்ளினான். அது அசையவில்லை.

காலையில் அவன் போட்ட கட்டுக்கம்பியில் ஒரு முறுக்கு மட்டும் அவிழ்ந்திருந்தது. அதில் எம்லினின் கையுறை ஒன்று, விரல் கிழிந்து மாட்டிக்கொண்டிருந்தது.