தோளில் போன வீடு

“அறுவடை முடிஞ்சாச்சு. வயலெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. வர்ற வெள்ளிக்கிழமை உன் வீட்டை என் நிலத்துலேர்ந்து தூக்கிட்டுப் போயிடு, தென்ரி.”

ஏணியடியில் நின்று, மேலே ஏறாமலேயே சொன்னார் பாசோ.

பலகாரம் மடித்துக்கொண்டிருந்த தென்ரிக்குக் கையிலிருந்த வாழையிலை நழுவியது. வீடு அவளுடையது. பன்னிரண்டு மரத்தூண்கள் மேல் புருஷன் கட்டிய மரவீடு; அந்த ஊர் வழக்கப்படி ஆட்கள் கூடித் தோளில் தூக்கி இடம் மாற்றக்கூடியது. அது நிற்கிற மண்தான் பாசோவுடையது. அவருடைய அப்பா, ‘இருந்துக்கோங்க’ என்று வாய்வார்த்தையாகச் சொன்ன இடம்.

“திடுதிப்புன்னு சொன்னா எப்படிண்ணே? நான் எங்கே போவேன்?”

“அது உன் பாடு. எனக்குச் சோளம் போடணும்.”

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு நுர்சியாதான் அதிகம் கொதித்தாள்.

“அந்த மனுஷனுக்கு இருக்கிற வயல் போதாதாக்கும்? இந்த உள்ளங்கை அகல இடத்துல சோளம் போட்டுத்தான் பணக்காரன் ஆகப் போறாராக்கும்! போய்க் கால்ல விழுந்து கேளுடி.”

“கேட்க மாட்டேன்” என்றாள் தென்ரி.

புருஷன் இறந்த புதிதில் ஊரார் கொண்டுவந்து வைத்த அரிசியைக்கூட, ‘எனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்பிக் கொடுத்தவள் அவள். தினமும் விடிகாலையில் பலகாரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வரப்பு வழியே முக்கால் மணி நேரம் நடந்து, ரோட்டில் மினி பஸ் பிடித்துச் சந்தைக்குப் போகிறவள். மழைக்காலத்தில் முழங்கால் சேறு. ஒருநாளும் ஒருத்தரிடமும் அலுத்துக்கொண்டதில்லை.

மறுநாள் புருஷனின் தம்பி ரப்பே வந்தான்.

“அண்ணி, ரோட்டோரம் மினி பஸ் நிக்கிற இடத்துல எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்குல்ல? அது அண்ணன் பங்கு. இத்தனை நாள் நான்தான் மரவள்ளி போட்டுக்கிட்டிருந்தேன். வீட்டை அங்கே கொண்டுபோய் வச்சிடலாம்.”

“உங்கண்ணன் அப்படி ஒண்ணும் சொன்னதே இல்லையே?”

“அண்ணன் எதைத்தான் சொல்லியிருக்கார்?” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே.

அது உண்மைதான். அவர் பேசினதையெல்லாம் சேர்த்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்துக்குக் காணாது. புருஷன் பங்கு என்றால் உரிமை. தென்ரி சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். தூண்களோடு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டினார்கள். எண்பது பேர் தோள் கொடுக்க, “ஒண்ணு... ரெண்டு... மூணு!” என்ற குரலுக்கு வீடு அப்படியே மண்ணைவிட்டு எழுந்தது.

“அக்கா, அம்மிக்கல்லை உள்ளேயே விட்டுட்டீங்களா? இந்தக் கனம் கனக்குது!” என்றான் மூங்கில் சுமந்த ஒருத்தன்.

“உன் தொப்பையை முதல்ல இறக்கி வைடா, வீடு தானா நடக்கும்!” என்றாள் நுர்சியா.

தென்ரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தகரக் கூரை வெயிலில் மினுங்க, காய்ந்த வயல்களின் மேல் அவளுடைய வீடு ஊர்வலம் போனது. கடைசி மூங்கிலில் தோள் கொடுத்து, மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பாசோ!

“துரத்தின வீட்டுக்குத் தோள் வேறயா?” என்று யாரோ கேட்டார்கள். பாசோ மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

ரோட்டோரம் வீடு இறங்கியது. ஏணியை வைத்ததும் தென்ரி மேலே ஏறிப் பார்த்தாள். நாலே எட்டில் ரோடு. மினி பஸ்ஸை ஜன்னலிலிருந்தே கை காட்டி நிறுத்தலாம். மனசு நிறைந்துவிட்டது.

வீட்டு நிழலில் பாய் விரித்துக் காபியும், வாழைப்பழப் பலகாரமும் வந்தன. தென்ரி ஒவ்வொருவர் கையிலும் தானே வைத்தாள். பாசோவின் முன்னால் வந்ததும் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“உங்களுக்குச் சோள வேலை இருக்குமே அண்ணே. போங்க.”

கூட்டம் சிரித்தது. பாசோ வேட்டியைத் தட்டி இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். வரப்பில் இறங்கி நடந்தார்.

“மனுஷன்னா ரப்பே மாதிரி இருக்கணும். அண்ணன் பங்கை அண்ணிக்குக் கொடுத்தான் பாரு!” என்று ஒருவர் ரப்பேயின் முதுகில் தட்டினார்.

ரப்பே தட்டைக் கீழே வைத்தான்.

“போதும்! வயல் போனாப் போகட்டும். என்னால முடியலை அண்ணி.”

“எந்த வயல்? என்ன உளர்றே?”

“இதுல அண்ணன் பங்குன்னு ஒண்ணும் கிடையாது. இது நான் விலைக்கு வாங்கின இடம். பாசோ அண்ணன் தன்னோட வாய்க்கால் வயலை எனக்குக் கொடுத்துட்டு, மாத்துக்கு இதை உங்க பேர்ல எழுதச் சொன்னார். அடுத்த மாசம் பட்டா வந்துடும். வாயைத் திறந்தேன்னா வயலைத் திருப்பி எடுத்துக்குவேன்னு மிரட்டி வச்சிருக்கார்.”

தென்ரி தட்டைப் பாயில் வைத்துவிட்டு ரப்பே பக்கம் திரும்பினாள்.

“கொடுக்கிறவர் நேரா என்கிட்டே கொடுத்திருக்கலாமே! எதுக்கு இப்படித் துரத்தணும்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘அந்தப் பொண்ணு கூடையோட சேத்துல நடக்கிறதைப் பார்க்க முடியலைடா. ஆனா ரோஷக்காரி. கொடுத்தா வாங்க மாட்டா, துரத்தினாத்தான் போவா’ன்னார்.”