படத்தில் இருப்பவள்

கணவன் குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைபவன். இதுவரை பதினாலு புத்தகங்கள். ராணி, தேவதை, டீச்சர் என்று எல்லோருக்கும் ஒரே முகம்தான். ஒரு பக்கம் ஒதுங்கும் சிரிப்பு, மோவாயில் சின்னக் குழி.

மனைவிக்கு வயிறு எரிந்தது. தன் முகம் ஒரு சூனியக்காரிக்குக்கூட வரவில்லையே!

புதுப் புத்தகத்தை அவன்முன் வீசினாள். மேஜைமேல் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஆடியது.

"யாருங்க இவ?"

"எவ?"

"நடிக்காதீங்க! பார்க்காம இப்படி வரைய முடியாது."

"பார்த்துத்தான் வரையறேன்."

"எங்கே?"

"இதே ரூம்லதான்."

"நான் வீட்ல இருக்கும்போதா?"

அவன் எழுந்து குளியலறைக்குள் போனான். அரை மணி கழித்து வெளியே வந்தபோது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே முகத்தை மூடியிருந்த தாடியும் மீசையும் இல்லை. சிரித்தான். உதடு ஒரு பக்கம் ஒதுங்கியது. மோவாயில் சின்னக் குழி!

"சிரிப்பு, அழுகை எல்லாத்தையும் இந்தக் கண்ணாடி முன்னாடி நானே செஞ்சு பார்த்து, தாடியை மட்டும் விட்டுட்டு வரையறேன். எங்க தொழில்ல பாதிப் பேர் அப்படித்தான்."

அவள் புத்தகத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் இன்னும் இறுகியது.

"முதல்ல அந்தத் தாடியை மறுபடி வளருங்க. என்னைவிட அழகா ஒருத்தி இந்த வீட்ல இருக்கக் கூடாது!"