மைனாவின் ஞாபகம்

கடலையைப் புதைத்த இடம் அணிலுக்கு எப்போதும் மறந்துபோகும். "எங்கிட்ட சொல்லி வை, நான் ஞாபகம் வச்சுக்கறேன். நீ எதுவும் தர வேணாம்" என்றது மைனா. அணிலும் நம்பிச் சொல்லிவந்தது.

மழைக்காலம் பிறந்ததும் ஒரு காட்டுப்பன்றி, மோந்துகூடப் பார்க்காமல் நேராக வந்து எல்லாக் குழிகளையும் கிளறித் தின்றுவிட்டுப் போனது.

"அதுகிட்ட ஏன் சொன்ன?" என்று அணில் மைனாவைக் கேட்டது.

"ஞாபகம் வச்சுக்கச் சொன்ன. யாருகிட்டயும் சொல்லாதேன்னா சொன்ன?" பன்றியின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டே மைனா பதில் சொன்னது.

ஒருவர் சொன்னதை அவரைக் கேட்காமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று காட்டுக்கே ஒரு சட்டம் வேண்டும் என, அணில் எல்லோரையும் பார்த்துப் பேசத் தொடங்கியது. ஆற்றோரம் ஆமை எதிர்ப்பட்டது.

"எனக்கெதுக்கு அந்தச் சட்டம்? ஒளிச்சு வைக்க எங்கிட்ட என்ன இருக்கு?" என்றது ஆமை. முட்டைகளைப் புதைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தது. பின்னங்கால்களில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

அணில் வாயைத் திறப்பதற்குள் மேல்கிளையிலிருந்து மைனா குனிந்தது. "மணல் நல்லாப் பொடியா இருக்கே, ஆமையக்கா. எந்தப் பக்கத்துக் கரை?"

அக்கறையாக விசாரிக்கிறதே என்று ஆமைக்கு மனம் குளிர்ந்தது. கழுத்தை நீட்டி இடத்தைக் காட்டியது.